ஆடம் ஸ்மால் எந்த மொழியில் எழுதினார்?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: ஆஃப்ரிகான்ஸ், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடத்திய வெள்ளையர்களின் மொழி. அதில் கவிதையும் நாடகமும் எழுதி, பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கற்பித்த ஆடம் ஸ்மால் வெள்ளையர் இல்லையாமே? ஒடுக்கியவன் மொழியில் ஒருவர் ஏன் எழுதவேண்டும்? அவரைக் கவிஞராகப் பார்ப்பதா, பேராசிரியராகவா, போராளியாகவா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தத்துவ வாத்தியார் எழுதியது என்ற நினைப்போடு படித்தால்தான் ஸ்மாலின் கவிதை பிடிபடும். சேரிப் பேச்சில் எழுதினார் என்பதால் அவரை வேடிக்கைக் கவிஞராக வைத்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு வந்தவர்கள் எதிர்ப்புக் கவிஞர் என்று ஒரு பலகை மாட்டினார்கள். அவரோ நீட்சே, நிக்கொலாய் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் தத்துவவாதிகளை வைத்து முதுகலை ஆய்வு செய்தவர். கடவுள் இருந்தும் நீதி இல்லாத ஓர் ஊரில் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதுதான் அவருடைய கேள்வி. அதை அவர் நூலகத்து மொழியில் கேட்கவில்லை. மீன் விற்பவனும் கிட்டார் மீட்டுகிறவனும் பேசும் மொழியில் கேட்டார்.

இனி அந்த மொழி யாருடையது என்பதற்கு வருவோம். 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் கடை விரித்தது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டார்கள் என்பது வரலாற்றாளர்கள் போடும் கணக்கு. இன்றைய இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்தக் கம்பெனியின் துறைமுகங்கள். கேப் ஆவணங்களில் சில அடிமைகளின் பெயருக்குப் பின்னால் ‘வான் டெ குஸ்ட்’, அதாவது ‘கரையிலிருந்து வந்தவர்’ என்று எழுதியிருக்கும். அந்தக் கரை நம்முடையது. எஜமானரின் டச்சு, இந்த மக்களின் வாயிலும் கோய்கோய் பழங்குடிகளின் வாயிலும் புழங்கிப் புழங்கி உருமாறியதில் பிறந்ததுதான் ஆஃப்ரிகான்ஸ். சமையற்கட்டிலும் திராட்சைத் தோட்டத்திலும் பிறந்த மொழி என்று சொன்னால் மிகையில்லை. அதன் ஆரம்பகால நூல்களில் சில அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. கேப் முஸ்லிம்களுக்காக அபூபக்கர் எஃபெண்டி எழுதிய சமய நூல் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சானது.

வெள்ளையர்கள் அதைத் தங்கள் மொழி என்று உரிமை கொண்டாடக் கிளம்பியது 1875-இல், பார்ல் என்ற ஊரில். 1925-இல் அது ஆட்சிமொழி ஆயிற்று, 1933-இல் முழு பைபிளும் வந்தது. இந்த அரை நூற்றாண்டில் மொழியைத் துலக்கித் துடைத்து, டச்சுச் சொற்களை ஏற்றி, இலக்கணம் எழுதி, ஒரு தேசிய இனத்தின் சின்னமாக்கிவிட்டார்கள். துடைத்த அழுக்கு என்று ஒதுக்கப்பட்டது எது என்றால், அந்த மொழியை உருவாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த பேச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 68 லட்சம் பேர். அதில் பாதிப் பேர் ‘கலர்டு’ என்று அரசு முத்திரை குத்திய கலப்பின மக்கள். வெள்ளையர்கள் 40 சதவீதத்தைத் தொடவில்லை. ஆகவே ஸ்மால் ஒடுக்கியவன் மொழியில் எழுதவில்லை. தன் அம்மா அப்பா பேசிய மொழியில் எழுதினார். அது பறிபோயிருந்தது, அவ்வளவுதான்.

அவர் பிறந்தது 1936 டிசம்பர் 21, கேப் டவுனுக்குப் பக்கத்தில் வெலிங்டன் ஊரில். அப்பா பள்ளி ஆசிரியர். ராபர்ட்சன் வட்டாரத்தில் கோரீ என்ற பண்ணைப்புறத்துச் சிறு பள்ளியில் அவர் வேலை பார்த்தபோது பையனின் இளமை அங்கே கழிந்தது. பிறகு குடும்பம் கேப் டவுனின் விளிம்பில் இருந்த ரிட்ரீட்டுக்கு வந்தது. பட்டப்படிப்பு கேப் டவுன் பல்கலைக்கழகத்தில். 1950களில் அங்கே கறுப்பின மாணவர்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. 1959-இல் வந்த சட்டம் அந்தக் கதவையும் மூடியது. பிற்பாடு லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். ஃபோர்ட் ஹேர் என்ற கல்லூரியில் ஒரு வருடம் தத்துவம் கற்பித்துவிட்டு 1960-இல் கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் புதிதாகத் திறக்கப்பட்ட மேற்கு கேப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தத்துவத் துறைத் தலைவராகச் சேர்ந்தார்.

இந்தக் கல்லூரியைப் பற்றி நின்று பேசவேண்டும், ஏனென்றால் ஸ்மாலின் வாழ்க்கையில் பாதி அதனோடு பின்னிக் கிடக்கிறது. ‘கலர்டு’ மக்களை வெள்ளையர் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியே தள்ளுவதற்காக நிறவெறி அரசு கட்டிய கல்லூரி அது. ஆரம்பத்தில் 166 மாணவர்கள், ஒரு பழைய பள்ளிக் கட்டடம். மேலே இருந்தவர்கள் எல்லாம் ஆஃப்ரிகானர்கள், அதாவது ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர்கள். ஊர்க்காரர்கள் அதைப் புதர்க் கல்லூரி என்று நக்கலடித்தார்கள். அந்த வேலைக்குப் போனதே துரோகம் என்று நினைத்தவர்கள் அன்று இருந்தார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களில் ஒருவர் பாடம் எடுத்திருக்கமாட்டார். ஸ்மால் வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட இடங்களிலேயே நின்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழும் இடங்கள்.

முதல் தொகுதி ‘காதல் கவிதைகள்’ 1957-இல், அவர் இருபது வயதைத் தாண்டும்போது வந்தது. அடுத்த வருடம் ‘சின்னஞ்சிறு குறியீடு’. இரண்டும் துலக்கிய ஆஃப்ரிகான்ஸில் எழுதப்பட்ட, நல்ல பிள்ளைக் கவிதைகள். இவற்றை விட்டுவிடலாம். ஸ்மால் ஸ்மாலானது 1961-இல் வந்த ‘கிட்டார் மே க்ரேஸ்’ தொகுதியில். கிட்டார்தான் என் சிலுவை என்று பொருள்படும் தலைப்பு. இதில்தான் அவர் கேப் டவுன் ஓரத்து மணல்வெளிக் குடியிருப்புகளான கேப் ஃபிளாட்ஸின் தெருப் பேச்சைத் தூக்கி அச்சில் வைத்தார். அதற்குக் ‘காப்ஸ்’ என்ற பெயர் இலக்கியத்தில் நிலைத்ததற்கும் அவர்தான் முக்கியக் காரணம். அதற்கு முன்பு அதைக் கேலிப்பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். வெள்ளை எழுத்தாளர்களின் கதைகளில் குடிகார வேலைக்காரன் வந்து சிரிக்க வைப்பதற்கு மட்டும் அது பயன்பட்டது.

அந்தத் தொகுதியில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கவிதை ஒன்று. தெருமுனையில் உட்கார்ந்து ஒருவன் கூட்டாளியிடம் பேசுகிறான். உலகம் என்ன வேணாலும் பேசட்டும், நமக்கு ஒரு சிகரெட்டும் மலிவு ஒயினும் இருந்தால் போதும், கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்கிறான். பிறகு, போகிற போக்கில், ஆண்டவன் பகடையைக் குலுக்கிப் போட்டான், நமக்குத் தப்பா விழுந்துடுச்சு, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் குடிகாரனின் விதி வேதாந்தம். இதைப் படித்து வெள்ளை வாசகர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆஃப்ரிகானர்களின் சீர்திருத்தச் சபை, புராட்டஸ்டன்ட் இறையியலாளர் கால்வின் வழி வந்தது. அங்கே எல்லாம் கடவுளின் முன்திட்டம். தலையில் இருக்கும் முடி உதிர்வதும் அவன் சித்தம். இனங்களைப் பிரித்து வைத்ததும் அவன் ஏற்பாடே என்று அந்தச் சபையின் இறையியலாளர்கள் வேத வசனம் காட்டினார்கள். அந்தச் சபைதான் 1881-இல் கலப்பின மக்களுக்கென்று தனிச் சபை அமைத்துக் கொடுத்தது. இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். கடவுளின் மாபெரும் திட்டம் என்று பிரசங்க மேடையில் முழங்குவதை, தெருவில் இருக்கிறவன் சூதாட்டம் என்கிறான். நிறம் திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டது என்றால் கடவுள் அநீதிக்காரன். அப்படிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, ஆகவே பகடை உருண்டது என்கிறான். கடவுளைக் காப்பாற்றுவதற்காகக் கடவுளைச் சூதாடி ஆக்குகிறான். ஹார்ட்மனும் நீட்சேயும் படித்தவர் எழுதிய வரி இது என்பதை மறந்தால் இந்தத் திருகல் கண்ணில் படாது. அவர் கவிதைகளில் சிரிப்பு ஒரு வாசல்தான். உள்ளே வந்த பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

இன்னொரு புகழ்பெற்ற கவிதை காதலைப் பற்றியது. டயானா வெள்ளைப் பெண், மார்ட்டின் பழுப்புப் பையன். இருவரும் காதலிக்கிறார்கள். அவள் வீட்டாரும் கேட்கிறார்கள், இவன் வீட்டாரும் கேட்கிறார்கள்: சட்டம் என்ன சொல்லும்? எந்தச் சட்டம், கடவுளின் சட்டமா, மனிதனுடையதா, சாத்தானுடையதா என்று காதலர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். கடைசியில் இருவரும் தற்கொலை செய்துகொள்கிறார்கள். நாட்டுப்பாடல் போல, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து விழும் நடை. 1949-இல் கலப்புத் திருமணமும், 1950-இல் வெள்ளையருக்கும் மற்ற எல்லோருக்கும் இடையிலான உடலுறவும் குற்றமாக்கப்பட்ட நாட்டில் எழுதியது. அந்தச் சட்டங்கள் 1985 வரை இருந்தன. ‘சட்டம்’ என்பதற்கு ஆங்கிலச் சொல்லையே, கேப் தெருக்களில் உச்சரிப்பது போலச் சிதைத்து எழுதியிருக்கிறார். அதட்டல் போலவும் காதில் விழும், ஒப்பாரி போலவும் விழும்.

1963-இல் அடுத்த தொகுதி: ‘செ ஷிபோலெட்’. பைபிள் படித்தவர்களுக்குத் தலைப்பே போதும். நியாயாதிபதிகள் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரம். யோர்தான் ஆற்றுத் துறையில் நின்ற கீலேயாத்தியர், தப்பி வருகிறவனிடம் ‘ஷிபோலேத்’ என்று சொல் பார்ப்போம் என்பார்கள். எப்பிராயீமியனுக்கு அந்த ஒலி வராது. நாக்கு காட்டிக் கொடுத்ததும் வெட்டிவிடுவார்கள். அதிகாரிகள் ஒருவனின் தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் தீர்மானித்த காலம் அது. 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டப்படி ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு இனம், தம்பி வேறு இனம் என்று பிரிந்த கதைகள் உண்டு. காப்ஸ் பேசுகிறவனுக்கோ வாயைத் திறந்தாலே சோதனை. அப்படியிருக்க, தேறமுடியாத அந்த உச்சரிப்பிலேயே ஒரு புத்தகம் முழுக்க எழுதுவது, ஆற்றுத் துறையில் நின்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதற்குச் சமம்.

‘கிட்டார்’ தொகுதி 1973-இல் மறுபதிப்பு கண்டபோது அவர் சேர்த்த குறிப்பு முக்கியமானது. காப்ஸ் ஒரு வேடிக்கை இல்லை, கோமாளித்தனம் இல்லை, ஒரு மொழி என்றார். அதைப் பேசும் மக்கள் பிறந்ததும் போடும் முதல் கூச்சலும் வாழ்க்கையின் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் சாகும்போது தொண்டையில் இழுக்கும் கடைசி இழுப்பும் இந்த மொழியில்தான் நடக்கின்றன. அவர்களுடைய முழுத் தலைவிதியையும் அது சுமக்கிறது என்பது அவர் வாதம். பன்னிரண்டு வருடம் கழித்து இதை விளக்கிச் சொல்லவேண்டி வந்தது என்பதிலிருந்தே அந்தக் கவிதைகளை எப்படிப் படித்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1960களின் ஆஃப்ரிகான்ஸ் இலக்கியக் கிளர்ச்சியை ‘அறுபதுக்காரர்கள்’ என்று அழைப்பார்கள்: ஆந்த்ரே பிரிங்க், பிரைட்டன் பிரைட்டன்பாக், இங்க்ரிட் யோங்கர், யான் ராபி. அந்த அணியோடு வைத்துப் பேசப்படும் எழுத்தாளர்களில் வெள்ளையர் அல்லாதவர் ஸ்மால் ஒருவரே. ஆஃப்ரிகான்ஸ் அறிவுலகத்தில் அன்று ஒரு சலனம் இருந்தது. பெரும் கவிஞரும் பேராசிரியருமான வான் வேக் லோ, 1960-இல் ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், பழுப்பு மக்கள், அதாவது கலப்பினத்தவர், நம்மவர்களே என்று எழுதினார். ஸ்மாலும் ஆரம்பத்தில் ஆஃப்ரிகானரின் மனசாட்சியோடு பேசிப் பார்க்கலாம் என்று நம்பினார். 1961-இல் அவர் எழுதிய ‘முதல் கல்?’ என்ற கட்டுரை நூல், யோவான் சுவிசேஷத்தில் பாவியான பெண்மேல் கல்லெறிய வந்தவர்களை நினைவூட்டி, ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனிடம் பேசும் தொனியில் நிறவெறியை எதிர்த்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்திருந்தார்கள். இவ்வளவு பொறுமை எதற்கு என்று இன்று படிக்கும்போது எரிச்சல் வரும். எனக்கு வந்தது.

பொறுமை தீர்ந்தது 1970களின் தொடக்கத்தில். ஸ்டீவ் பீக்கோவும் தோழர்களும் கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தைப் பல்கலைக்கழகங்களில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்று அரசு பிரித்துவைத்த எல்லோரும் கறுப்பர்களே என்பது அதன் அடிப்படை. டர்பன் இந்தியர்களான சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அதன் முன்னணியில் இருந்ததற்கும், ஸ்மால் அதில் சேர்ந்ததற்கும் காரணம் ஒன்றே. 1973-இல் வெளிவந்த கறுப்பு இறையியல் கட்டுரைத் தொகுப்பில் பீக்கோவின் கட்டுரையும் ஸ்மாலின் கட்டுரையும் சேர்ந்து இருக்கின்றன. கறுப்புத்தன்மைக்கும், எதற்கும் அர்த்தமில்லை என்னும் சூனியவாதத்துக்கும் இடையிலான மோதல் பற்றியது ஸ்மாலுடையது. நீட்சே படித்தவர் சும்மா விடுவாரா? எதிர்ப்பு என்பது ஒருவகைப் பிச்சை கேட்டல் என்கிறார் அதில். எதிர்க்கும்போதும் முகம் வெள்ளைக்காரனைப் பார்த்தே இருக்கிறது. நாங்கள் வாழ்க்கையைப் பிச்சை கேட்கவில்லை, இனி எங்கள் இருப்பை நாங்கள் வெளிப்படுத்திக்கொள்வோம், எதிர்ப்பு இரண்டாம் பட்சம் என்று வாதிடுகிறார். அதே கட்டுரையில் கறுப்பு இனவாதத்தையும் நிராகரிக்கிறார். எதிர்ப்புக் கவிஞர் என்று பலகை மாட்டுகிறவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கவேண்டும்.

அதே 1973-இல் மேற்கு கேப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. நிர்வாகத்தை வெள்ளையர் கையிலிருந்து எடுக்கவேண்டும் என்பது மாணவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. ஸ்மால் அவர்கள் பக்கம் நின்றார். நெருக்கடி கூடி, வேலையை விட்டுப் போகவேண்டியதாயிற்று. ஜோகன்னஸ்பர்க் போய் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேவைப் பிரிவில் சில வருடம் இருந்தார். 1975-இல் ‘கருமை, வெண்கலம், அழகு’ என்று பொருள்படும் நாலடிக் கவிதைத் தொகுதியை ஆங்கிலத்தில் எழுதினார். அது அவருடைய பலவீனமான புத்தகம். கறுப்பு அழகைப் போற்றும் நேர்மையான வரிகள், ஆனால் உதட்டில் ஒட்டவில்லை. மறு வருடம் ஜூன் 16 அன்று, ஆஃப்ரிகான்ஸ் வழிக் கல்வியைத் திணித்ததற்கு எதிராக ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவின் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். அந்த மொழியைப் பற்றி ஒரு கறுப்பின எழுத்தாளன் நல்ல வார்த்தை சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது. ஸ்மால் காப்ஸுக்கே திரும்பி வந்தார் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நாடகங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் கவிதைகளைவிட உயரமான ஒன்று அங்கே இருக்கிறது. 1965-இல் வந்த ‘கன்னா ஹே கோ ஹேஸ்து’, அதாவது ‘கன்னா வூட்டுக்கு வர்றான்’. மக்கீட் என்ற ஏழைப் பெண் கன்னாவை அநாதைப் பிள்ளையாக எடுத்து வளர்க்கிறாள். படிப்பில் கெட்டிக்காரன். வீட்டிலிருக்கும் எல்லோரும் தங்கள் வாயைக் கட்டி அவனைப் படிக்க வைக்கிறார்கள். அவன் கடல் கடந்து போய்ப் பொறியாளன் ஆகிறான், அங்கேயே குடும்பம் நடத்துகிறான். கன்னா வருவான், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீடு காத்திருக்கிறது. அவன் வருவது மக்கீட்டின் சாவுக்கு.

இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டுக்கு நடந்ததெல்லாம் நினைவுகளாக, குரல்களாக மேடையில் கலைந்து கலைந்து வருகிறது. மகள் கீட்டி ரவுடிகளால் சீரழிக்கப்பட்டு, பூனா என்பவன் கையில் சிக்குகிறாள். அவனைக் கொன்ற வீட்டுப் பையன் டீக்கி தூக்கில் தொங்குகிறான். இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கதை நேர்கோட்டில் போவதில்லை. துக்க வீட்டில் பேச்சு எப்படி முன்னும் பின்னும் போகுமோ அப்படிப் போகிறது. எல்லோரும் காப்ஸ் பேச, கன்னா மட்டும் துலக்கிய ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறான். வீட்டுக்கு வந்தவன் வீட்டுக்கு வரவில்லை என்பதை வசனம் எழுதாமலேயே சொல்லிவிடுகிறார். கன்னாவைக் குற்றவாளியாக நிறுத்தவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவன் தங்கியிருந்தால் யாரைக் காப்பாற்றியிருப்பான்? படித்துப் போனதால் யார் பிழைத்தார்கள்? ஆக்ஸ்ஃபோர்டு போய்த் திரும்பிய ஒருவர், தன்னையே நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை என்பது என் வாசிப்பு.

இந்த நாடகத்தின் மேடை வரலாறும் நிறவெறியின் விநோதங்களில் ஒன்று. 1970களில் அரசு மானியம் பெறும் நாடகக் குழு இதை எடுத்தபோது கலப்பினப் பாத்திரங்களை வெள்ளை நடிகர்கள் ஏற்று நடித்தார்கள். ஒரே மேடையில் கலந்து நடிக்க அன்று வழியில்லை. கேப் ஃபிளாட்ஸ் மக்களின் துயரம் வெள்ளை அரங்கில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது.

நாடகம் எழுதிய அடுத்த வருடம், 1966 பிப்ரவரி 11 அன்று, கேப் டவுனின் நடுவில் இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரம் பேரை அங்கிருந்து பெயர்த்து, காற்றும் மணலும் அடிக்கும் கேப் ஃபிளாட்ஸில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். புல்டோசர் வேலை செய்துகொண்டிருந்தபோதே, 1973-இல், புகைப்படக்காரர் கிரிஸ் யான்சனோடு சேர்ந்து ஸ்மால் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பிறகு வந்த ‘மேப் ஜேக்கப்ஸின் கிறிஸ்துமஸ்’ என்ற 1983 நாடகம், கேப் ஃபிளாட்ஸுக்குத் தூக்கியெறியப்பட்ட தலைமுறையின் கதை. உடம்பெல்லாம் பச்சை குத்தி வரைபடம் போல இருப்பதால் ‘மேப்’ என்று பெயர் வாங்கிய ஒருவன் சிறையிலிருந்து வெளியே வந்து, பழைய தோலை உரித்துப்போட முயல்கிறான். ‘கன்னா’ அளவுக்கு இறுக்கமில்லை. ஆனால் ரவுடியைக் கேலிப்பொருளாகவோ பரிதாபப்பொருளாகவோ ஆக்காமல் ஒரு ஆன்மாவாக நிறுத்தியது.

கல்விப் பணியின் இரண்டாம் பாகத்தை அவர் வாசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1977 முதல் 1983 வரை மேற்கு கேப் வட்டாரத்தில் சமூகப் பணி அமைப்பு ஒன்றை நடத்தினார். 1984-இல் மேற்கு கேப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். இந்த முறை சமூகப்பணித் துறைத் தலைவராக. 1997-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். அதற்குள் அந்தப் புதர்க் கல்லூரி ஆளே மாறியிருந்தது. யாக்கஸ் கெர்வெல் துணைவேந்தராக இருந்தபோது அது இடதுசாரிகளின் கோட்டை ஆயிற்று. அவர் பிறகு மண்டேலாவின் அலுவலகத்துக்குப் போனார். தத்துவத்திலிருந்து சமூகப்பணிக்கு ஸ்மால் ஏன் போனார் என்று கேட்பவர்களுக்கு ‘மேப் ஜேக்கப்ஸ்’ ஒரு பதில்.

அவர்மேல் வைக்கப்பட்ட விமரிசனங்களையும் சொல்லவேண்டும். காப்ஸ் கவிதைகள், பல்லில்லாமல் குடித்துவிட்டு ஜோக் அடிக்கும் கலப்பினத்தவன் என்ற பழைய பொம்மைக்கே உயிர் கொடுத்துவிட்டன என்றார்கள். வெர்னன் ஃபெப்ருவரி, தென்னாப்பிரிக்க இலக்கியத்தில் கலப்பினத்தவர் சித்திரிக்கப்பட்ட விதம் பற்றி 1981-இல் எழுதிய ஆய்வு நூலில் இந்தப் பொம்மையின் வம்ச வரலாற்றை விரிவாகத் தோண்டியிருக்கிறார். இந்த விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது. சிரிப்பை வாசலாக வைத்தால், வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் துலக்கிய மொழியில் எழுதியிருந்தால் அவர்கள் வாசலுக்கே வந்திருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. எஸ். வி. பீட்டர்சனும் பி. ஜே. ஃபிலாண்டரும் ஸ்மாலுக்கு முன்பே அப்படி எழுதிப் பார்த்தவர்கள். மரியாதை கிடைத்தது, மொழி அசையவில்லை.

ஹெர்ட்சோக் பரிசு விவகாரம் எல்லோரும் கேட்பது. ஆஃப்ரிகான்ஸ் இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசு. தென்னாப்பிரிக்க அறிவியல் கலைக் கழகம் கொடுப்பது. ‘கன்னா’ வந்து அரை நூற்றாண்டு நெருங்கும்வரை ஸ்மாலுக்குக் கிடைக்கவில்லை. 2012-இல் நாடகத்துக்காகக் கொடுத்தார்கள். அண்மைக் காலத்தில் புத்தகம் வந்திருக்கவேண்டும் என்ற விதி குறுக்கே நின்றதால் அதை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. காலம் கடந்த நீதி என்று சிலர் மகிழ்ந்தார்கள்; வெள்ளைக் கழகம் தன் மனசாட்சியைக் கழுவிக்கொள்கிறது, வாங்கியிருக்கக்கூடாது என்று சிலர் திட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டார். மறு வருடமே, பல பத்தாண்டு மௌனத்துக்குப் பிறகு, ‘கிளாவர்யாஸ்’ என்ற புதிய கவிதைத் தொகுதி வந்தது. கேப் மக்கள் விரும்பி ஆடும் சீட்டாட்டத்தின் பெயர் அது. பகடை போட்ட கவிஞர் எழுபத்தாறாம் வயதில் சீட்டைக் கலைத்துப் போட்டார். 2016 ஜூன் 25 அன்று கேப் டவுனில் காலமானார்.

இன்று காப்ஸில் எழுதுவதற்கு யாரும் முன்னுரையில் காரணம் சொல்வதில்லை. ரொனெல்டா காம்ஃபர், நேதன் டிரான்ட்ரால் போன்ற கவிஞர்கள் வந்துவிட்டார்கள். ஸ்மாலிடம் இருந்த திருச்சபையும் பைபிள் சங்கீதமும் அவர்களிடம் கிடையாது, எழுத்து இன்னும் கரடுமுரடு. காப்ஸுக்கு மும்மொழி அகராதி உருவாக்கும் வேலை 2021-இல் தொடங்கியபோது அதில் முன்நின்றது மேற்கு கேப் பல்கலைக்கழகம்தான்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ‘கன்னா’விலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, நாடகக் கட்டுமானம் மொழிபெயர்ப்பில் உடைவதில்லை. அடுத்து கறுப்பு இறையியல் தொகுப்பில் உள்ள கட்டுரை. அது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. கவிதைகளை இந்த இரண்டுக்கும் பிறகு எடுங்கள். டச்சோ ஜெர்மனோ கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் மூலத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். அகராதியில் கிடைக்காத பாதிச் சொற்கள் உச்சரித்ததும் யாரென்று தெரிந்துவிடும்.